டகோட்டாவில் வந்த தலைவர்: பிஜு பட்நாயக்

புது தில்லி: கோல்கத்தா விமான நிலையத்தில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய டகோட்டா விமானம் ஒன்று, 2023-ம் ஆண்டு ஜனவரியில் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டு, புவனேசுவரம் வந்து சேர்ந்தது. அங்கே மீண்டும் பூட்டப்பட்டு, மார்ச் 5-ம் தேதி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அந்தத் தேதி பிஜு பட்நாயக்கின் பிறந்த நாள். விமானம், அவர் நிறுவிய கலிங்கா ஏர்லைன்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. அதை வரவேற்ற விமான நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதலமைச்சராக, மத்திய அமைச்சராக, எதிர்க்கட்சித் தலைவராக பிஜு பட்நாயக்கை நாடறியும். ஆனால் அவர் அரசியலுக்குக் கொண்டுவந்த முதல் மூலதனம் ஒரு சிறிய விமான நிறுவனம். கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு, கிழக்கிந்தியாவை நம்பித் தொடங்கிய அந்த நிறுவனம், வழக்கமான பயணிகள் சேவையை நடத்தியது ஆறேழு ஆண்டுகளே. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதை அரசுடைமை ஆக்கியது. துணிச்சல் தேவைப்பட்டபோது தில்லி அவரை நாடியதும், தேவை தீர்ந்தபோது கோப்புக்குள் அடக்கப் பார்த்ததும் அவருடைய வாழ்வு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் கலிங்கா ஏர்லைன்ஸ்.

படிப்பை விட்டுப் பறப்புக்கு:

1916-ம் ஆண்டு மார்ச் 5-ம் தேதி கட்டாக் நகரில் பிறந்தவர் பிஜயானந்த பட்நாயக். தந்தை லட்சுமிநாராயண், தாய் ஆஷாலதா. குடும்பத்தின் பூர்விகம் கஞ்சம் மாவட்டம். ஒரியா மொழி பேசும் மக்கள் அப்போது பல மாகாணங்களில் சிதறிக் கிடந்தனர். கஞ்சம், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1936-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிதான் ஒரிசா தனி மாகாணமாயிற்று. தனக்கென ஒரு மாகாணம் இல்லாத மக்கள் கூட்டத்தில் பிறந்து, இருபது வயதில் அந்த மாகாணம் உருவாவதைக் கண்ட தலைமுறை அவருடையது. ஒரிசாவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்ற ஆதங்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

கட்டாக் ராவென்ஷா கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களுடன் சைக்கிளிலேயே பெஷாவர் வரை சென்று வந்தவர், பட்டப்படிப்பை முடிக்காமல் விமானப் பயிற்சிக்குப் போனார். 1939-ல் பஞ்சாபைச் சேர்ந்த ஞானவதியை மணந்தார். அவரும் விமானம் ஓட்டப் பயின்றவர்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப் படையின் போக்குவரத்துப் பிரிவில் பட்நாயக் பணியாற்றினார். 1942-ல் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனில் சிக்கிய பிரிட்டிஷ் குடும்பங்களை மீட்டுவந்த விமானிகளில் அவரும் ஒருவர். அதே ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. பகலில் ஆட்சியாளர்களின் சீருடையில் பறந்தவர், தலைமறைவாக இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண், ராம் மனோகர் லோகியா, அருணா ஆசஃப் அலி ஆகியோருக்கு ரகசியமாக உதவினார். பர்மா முனையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு விடுதலைப் போராட்டத் துண்டுப் பிரசுரங்களை விமானத்திலிருந்து வீசினார். விவரம் வெளியானது. 1943-ல் கைதானார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன.

போர் உபரியில் பிறந்த நிறுவனம்:

போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இந்தியாவில் விட்டுச் சென்ற டகோட்டா விமானங்கள் மலிவான விலைக்கு விற்பனைக்கு வந்தன. இரட்டை எஞ்சின் கொண்ட அந்த விமானத்துக்குச் சீரான கான்கிரீட் ஓடுதளம் தேவையில்லை. புல்வெளியும் கெட்டித்த மண் தரையும் போதும். இருபதுக்கும் சற்றுக் கூடுதலான பயணிகளையோ, இருக்கைகளைக் கழற்றிவிட்டால் சில டன் சரக்கையோ ஏற்றிச் செல்லும். போரில் பழகிய விமானிகளும் மெக்கானிக்குகளும் வேலை தேடிக்கொண்டிருந்தனர். விமானமும் ஆளும் இருந்தால் நிறுவனம் தொடங்கிவிடலாம் என்ற நிலை. அப்படித் தொடங்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றுதான் கலிங்கா ஏர்லைன்ஸ். நாடு விடுதலை பெறும் நேரத்தில் பட்நாயக்கிடம் டகோட்டாக்கள் இருந்தன.

பெயரைக் கலிங்கம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. அசோகனிடம் தோற்ற நாடு என்பதாக மட்டுமே வரலாற்றுப் பாடங்களில் வரும் கலிங்கம், ஒரியா மக்களுக்குக் கடல் கடந்து ஜாவாவுக்கும் பாலிக்கும் கப்பல் ஓட்டிய மூதாதையரின் நாடு. இன்றும் கார்த்திகைப் பௌர்ணமியன்று கட்டாக் மகாநதிக் கரையில் பாலி யாத்திரைத் திருவிழா நடக்கிறது. பட்நாயக்கும் தமது விமானத்தில் ஜாவாவுக்கே போனார்.

ஜாவா பயணம்:

1947 ஜூலையில் டச்சு ராணுவம் இந்தோனேசியக் குடியரசின் மீது பெரும் தாக்குதலைத் தொடங்கியது. கடலும் வானும் டச்சுக்காரர்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. சற்று முன்புதான் பிரதமர் பதவியிலிருந்து விலகிய சுதன் ஷாரிர், உலக நாடுகளிடம் நியாயம் கேட்க வெளியே வந்தாக வேண்டும். இந்தியா இன்னும் முழு விடுதலை பெறாத நிலையில் இடைக்கால அரசை நடத்திக்கொண்டிருந்த நேரு, பட்நாயக்கிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

மனைவி ஞானவதியுடன் டகோட்டாவில் பட்நாயக் புறப்பட்டார். டச்சுக்காரர்களின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஜாவாவில் இறங்கி, ஷாரிரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 14-ம் தேதி ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் ஷாரிர் தம் நாட்டின் வழக்கை எடுத்துரைத்தார். அன்று நள்ளிரவில் இந்தியா விடுதலை பெற்றது.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் இருந்தது. ஜூலை 29-ம் தேதி, சிங்கப்பூரிலிருந்து மருந்துப் பொருள்களை ஏற்றிக்கொண்டு யோக்யகர்த்தா நோக்கிச் சென்ற, பட்நாயக்குக்குச் சொந்தமான மற்றொரு டகோட்டாவை டச்சுப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இறந்தவர்களில் இந்தோனேசிய விமானப் படையின் முன்னோடிகளான அடிசுசிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே ஆகியோரும் இருந்தனர். அந்த நாளை இந்தோனேசிய விமானப் படை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. பட்நாயக்கை அந்த நாடு தன் மண்ணின் மைந்தராகப் போற்றியது. விடுதலையின் பொன்விழாவையொட்டி 1995-ல் உயர் விருதும் வழங்கியது.

ஜாவா பயணத்துக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு, அக்டோபர் 27-ம் தேதி, காஷ்மீரைக் காக்கப் படைகளை ஸ்ரீநகரில் இறக்க வேண்டிய நெருக்கடி வந்தது. விமானப் படையிடம் இருந்த டகோட்டாக்கள் போதவில்லை. தனியார் நிறுவனங்களின் விமானங்களை அரசு கேட்டுப் பெற்றது. அந்தப் பணியில் பறந்தவர்களில் பட்நாயக்கும் ஒருவர்.

பிரிவினை தந்த தொழில்:

நாட்டைப் பிரித்த எல்லைக்கோடு அசாமுக்கும் திரிபுராவுக்கும் செல்லும் ரயில் பாதையைக் கிழக்கு பாகிஸ்தானுக்குள் தள்ளிவிட்டது. இந்திய மண் வழியாகவே அசாமுக்குச் செல்லும் புதிய ரயில் இணைப்பு 1950 ஜனவரியில்தான் தயாரானது. அதுவரை, அதற்குப் பிறகும்கூட, கல்கத்தாவிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லவும் தேயிலையைக் கொண்டுவரவும் விமானமே கைகொடுத்தது. கல்கத்தாவைத் தளமாகக் கொண்ட நிறுவனங்களுக்கு இதுவே பிழைப்பு. வடகிழக்குப் பகுதிக்கு விமானம் வசதியானவர்களின் ஆடம்பரமாக இல்லாமல் அரிசி மூட்டை வரும் வழியாக இருந்தது.

ஆனால் வானத்தில் நெரிசல் அதிகம், வருமானம் குறைவு. 1946-ல் அமைக்கப்பட்ட விமானப் போக்குவரத்து உரிம வாரியம், கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாக உரிமம் வழங்கியது. பயணிகள் எண்ணிக்கை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இந்த அளவு நிறுவனங்களை நாடு தாங்காது என்று ஜே.ஆர்.டி. டாடா எச்சரித்தும் பயனில்லை. எரிபொருள் செலவு கூடியது. அரசு சலுகை தந்தும் நிறுவனங்கள் மீளவில்லை. அம்பிகா, ஜூபிடர் போன்றவை மூடப்பட்டன. 1950-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

நாடாளுமன்றம் எழுதிய தீர்ப்பு:

அரசு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அப்போது தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த ஜகஜீவன் ராம் கொண்டுவந்த விமானப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் 1953 மே மாதம் நிறைவேறியது. உள்நாட்டுச் சேவைக்கு ஒன்று, வெளிநாட்டுச் சேவைக்கு ஒன்று என இரு கழகங்கள் உருவாயின. கலிங்கா, டெக்கான், பாரத், ஹிமாலயன், ஏர்வேஸ் இந்தியா, இந்தியன் நேஷனல், ஏர் சர்வீசஸ், ஏர் இந்தியா ஆகிய எட்டு நிறுவனங்களின் உள்நாட்டுச் சேவைகள் ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே குடைக்குள் வந்தன. புதிய கழகத்தின் 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். போர் உபரியில் பிறந்த நிறுவனங்களை இணைத்த கழகத்துக்கும் போர் உபரியே சீதனமாயிற்று.

அரசு சொன்ன காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. தனித்தனியே நஷ்டத்தில் ஓடும் நிறுவனங்களால் புதிய விமானம் வாங்கவோ, லாபமில்லாத தடங்களில் சேவை நடத்தவோ முடியாது. நெருக்கடி காலத்தில் விமானங்கள் அரசின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் அவசியம். காஷ்மீர் அதை உணர்த்தியிருந்தது. ஆனால் காஷ்மீரில் உடனடியாகக் கிடைத்தவையும் அந்தச் சிறு நிறுவனங்களின் விமானங்களே என்பதும் உண்மை.

வழக்கமான சேவை போனாலும் கலிங்கா என்ற பெயர் வானத்திலிருந்து மறைந்துவிடவில்லை. சாலையே எட்டாத வடகிழக்கு எல்லைப் பகுதியில் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) இருந்த காவல் நிலைகளுக்கும் கிராமங்களுக்கும் விமானத்திலிருந்து உணவு வீசும் பணி, சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தைத் தேடி வந்தது. மூட்டை தரையில் மோதி உள் சாக்கு கிழிந்தாலும் அரிசி சிந்தாமல் இருக்க, ஒரு சாக்குக்கு மேல் இன்னொரு சாக்கு கட்டி வீசுவார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் தாழப் பறந்து, மேகம் மூடும் முன் மேலெழ வேண்டும். விபத்துகளில் விமானிகள் பலர் உயிரிழந்தனர். பயணிகள் சேவைக்கு வேண்டாத நிறுவனம், உயிரைப் பணயம் வைக்கும் சேவைக்கு வேண்டியதாயிற்று.

முதலமைச்சரும் காமராஜர் திட்டமும்:

விமானத்தோடு பட்நாயக் நின்றுவிடவில்லை. கலிங்கா டியூப்ஸ் உள்ளிட்ட தொழிற்சாலைகளையும், கலிங்கா என்ற ஒரியா நாளிதழையும் தொடங்கினார். அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோருக்கு யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு அவர் அளித்த நன்கொடையில் நிறுவப்பட்டது. 1952-ல் முதல் பரிசைப் பெற்றவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி தெ பிராலி.

1961-ல் ஒரிசா இடைத்தேர்தலில் காங்கிரஸை அவர் தலைமையேற்று நடத்தினார். 140 இடங்களில் 82-ஐக் கைப்பற்றி, 45 வயதில் முதலமைச்சரானார். ஆட்சியிலும் விமானியின் வேகமே தெரிந்தது. பாரதீப்பில் ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்ற கோரிக்கைக்குத் தில்லி தயங்கியபோது, மாநில அரசின் பணத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். 1962 ஜனவரியில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1965-ல் மத்திய அரசு துறைமுகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1966-ல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி வரும் முன்பே வேலையைத் தொடங்குவதும், தொடங்கிய பின் அதைத் தில்லி எடுத்துக்கொள்வதும் கலிங்கா ஏர்லைன்ஸ் கதையின் மறுபதிப்பே.

1962 சீனப் போரின் தோல்விக்குப் பின் நேருவுக்கு மீண்டும் பட்நாயக்கின் நினைவு வந்தது. மாநில முதலமைச்சரான அவருக்குப் பாதுகாப்பு ஆலோசனைக்காகத் தில்லியில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகிலேயே ஓர் அறை ஒதுக்கப்பட்டது. 1963-ல் அமெரிக்கா சென்று ராணுவ உதவி குறித்துப் பேசினார். எல்லையை வானிலிருந்து கண்காணிக்கும் ரகசிய அமைப்பான விமான ஆய்வு மையம், கட்டாக்குக்கு அருகே சார்பதியாவில் தளம் கொண்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அதே 1963-ல் தமிழகத்தின் காமராஜர் முன்வைத்த திட்டம் நாட்டையே உலுக்கியது. கட்சிப் பணிக்காகப் பதவி துறந்த 6 முதலமைச்சர்களில் காமராஜரும் பட்நாயக்கும் அடக்கம். இருவரும் அக்டோபர் 2-ம் தேதி பதவியிலிருந்து விலகினர். பதவி விலகிய 6 மத்திய அமைச்சர்களில் ஒருவர், பத்தாண்டுகளுக்கு முன் கலிங்கா ஏர்லைன்ஸை அரசுடைமையாக்கிய ஜகஜீவன் ராம்.

வேகத்தின் மறுபக்கம்:

பதவியை விட்டு இறங்கிய பட்நாயக்கால் மீண்டும் அந்த நாற்காலியில் அமர 27 ஆண்டுகள் ஆயின. காரணங்களில் ஒன்று அவரே உண்டாக்கிக்கொண்டது. தொழிலதிபரின் கையும் முதலமைச்சரின் கையும் ஒரே ஆளுடையவையாக இருந்தால் கணக்கு கேட்பது இயல்பு. அவரது குடும்பத்தோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கு அரசுக் கொள்முதலில் சலுகை காட்டப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. மத்திய அளவிலும் விசாரணை நடந்தது. 1967 தேர்தலில் தமிழகத்தைப் போலவே ஒரிசாவிலும் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. புதிய அரசு நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த நிழல் அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. விமானத்தில் வேகமாக முடிவெடுப்பவன் உயிர் காக்கிறான். அரசுப் பணத்தில் அதே வேகம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை வளர்க்கிறது. இந்த வேறுபாட்டை பட்நாயக் போதிய அளவு மதித்தார் என்று அவரது ஆதரவாளர்களாலும் சொல்ல இயலாது.

இந்திரா காந்தியுடன் முரண்பட்டு காங்கிரஸிலிருந்து வெளியேறி, உத்கல் காங்கிரஸ் என்ற மாநிலக் கட்சியைத் தொடங்கினார். 1975-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் கைதானார். பிரிட்டிஷ் சிறையைக் கண்டவர் சுதந்திர இந்தியாவின் சிறையையும் கண்டார். 1977-ல் கேந்திரபாரா தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானார். அதே அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராக அமர்ந்தவர் ஜகஜீவன் ராம். விமானங்களை எடுத்துக்கொண்டவரும் இழந்தவரும் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டனர்.

மீண்டும் ஆட்சி:

1990 சட்டப்பேரவைத் தேர்தலில் 147 இடங்களில் 123-ஐ ஜனதா தளத்துக்குப் பெற்றுத் தந்து, தமது பிறந்த நாளான மார்ச் 5-ம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அரசியல் சாசனத் திருத்தம் நடைமுறைக்கு வரும் முன்பே ஊராட்சி அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கியது அந்த ஆட்சி. இங்கும் தில்லிக்கு முன்னதாகவே அவர் புறப்பட்டுவிட்டார்.

அவர் முதலமைச்சராக இருந்தபோதே, 1994-ல், அவரது நிறுவனத்தை எடுத்துக்கொண்ட 1953-ம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது. வானம் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 78. திரும்பப் பறக்கும் வயதல்ல. 1995-ல் ஆட்சியை இழந்தார். 1996-ல் மீண்டும் மக்களவைக்கு வந்தார். 1997 ஏப்ரல் 17-ம் தேதி தில்லியில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் பெயரிலேயே பிஜு ஜனதா தளம் பிறந்தது. மகன் நவீன் பட்நாயக் 2000 முதல் 2024 வரை தொடர்ந்து முதலமைச்சராக இருந்தார்.

வட்டம் திரும்பியது:

கலிங்காவை விழுங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அந்த ஏர் இந்தியாவையே மத்திய அரசு டாடா குழுமத்துக்கு விற்றது. 1953-ல் எடுத்துக்கொண்டதைச் சுமக்க முடியாமல் 69 ஆண்டுகளுக்குப் பின் அரசு கைகழுவியது. இதற்கிடையே, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க வேண்டும் என்று மானியம் தந்து உடான் திட்டத்தை 2016-ல் அரசே அறிவித்தது. ஒடிஸாவில் ஜார்சுகுடாவுக்கு 2018-ல்தான் முறையான விமான நிலையம் கிடைத்தது. ரூர்கேலா 2023 வரை காத்திருந்தது.

சிறு நிறுவனங்களைத் தனியே விட்டிருந்தால் இந்த இணைப்பு முன்பே வந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. அன்றைய நஷ்டக் கணக்கைப் பார்த்தால், பல நிறுவனங்கள் தாமாகவே விழுந்திருக்கும். ஆயினும் ஒன்று தெளிவு. ஜாவாவுக்கும் காஷ்மீருக்கும் வடகிழக்கு மலைகளுக்கும் போக வேண்டியிருந்தபோது அரசுக்குக் கைகொடுத்தது ஒரு மாநிலத்துக்காரரின் சிறு நிறுவனம். அத்தகைய முயற்சியை நெருக்கடியில் பயன்படுத்தத் தெரிந்த தில்லிக்கு, அமைதிக் காலத்தில் அதற்கு இடம் தரவும், அதனிடம் முறையாகக் கணக்குக் கேட்கவும் ஒருசேரத் தெரியவில்லை. இடம் தராமல் 1953-ல் எடுத்துக்கொண்டது. கணக்கை, அரசியல் பகை முற்றிய பின் விசாரணை ஆணையம் வழியே கேட்க நேர்ந்தது.

2023-ல் புவனேசுவரத்தில் நிறுத்தப்பட்ட டகோட்டா இனிப் பறக்காது. ஒரு காலத்தில் மண் தரையில் இறங்கி, அரிசி மூட்டையும் படைவீரரையும் அயல்நாட்டுத் தலைவரையும் ஏற்றிச் சென்ற விமானங்களில் மிஞ்சியது அது. அதைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர லாரி வேண்டியிருந்தது.